குடவோலை முறை என்று எழுதினால் முழு மதிப்பெண்ணா?

கேள்வி: ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். வகுப்பில் 38 பிள்ளைகள். கோடிட்ட இடங்களை நிரப்புவதிலும் பொருத்துவதிலும் பெரும்பாலோர் நன்றாகவே மதிப்பெண் பெறுகிறார்கள். ஆனால், “இந்தச் செய்தி நமக்கு எப்படித் தெரிய வந்தது?”, “அரசர் ஏன் அப்படிச் செய்தார்?” என்று கேட்டால் வகுப்பே அமைதியாகிவிடுகிறது. இடைக்கால வரலாற்றை இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிப்பது? வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்தின் இடையே நடப்பது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்ற வரம்புக்குள் எத்தகைய வினாக்களைக் கேட்பது? இன்னொரு சிக்கலும் உண்டு. தில்லி சுல்தான்கள் பாடம் வரும்போது சில பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்ததை அப்படியே வகுப்பில் சொல்கிறார்கள். வகுப்பில் உள்ள இரண்டு முஸ்லிம் மாணவிகள் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியருக்கு,

கற்பித்தலை முதலிலும் மதிப்பீட்டை அடுத்ததாகவும் கேட்டிருக்கிறீர்கள். நான் வினாத்தாளிலிருந்தே தொடங்க விரும்புகிறேன். எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதைத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். அதில் அவர்கள்மீது குற்றம் ஒன்றுமில்லை. பெயரையும் ஆண்டையும் மட்டுமே கேட்கும் வினாத்தாளை எதிர்பார்த்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, பெயரையும் ஆண்டையும் மட்டும் மனப்பாடம் செய்வது அறிவுடைய செயலே. ஆகவே ஒரு பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே, அது முடிந்தபின் நீங்கள் கேட்கப்போகும் மிகக் கடினமான ஒரு வினாவை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த வினா, என்ன நடந்தது என்பதோடு நின்றுவிடாமல், அது நமக்கு எப்படித் தெரியும் என்பதையும் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் பகுதிக்குத் தனியாக மதிப்பெண்ணும் இருக்க வேண்டும். நான் சொல்ல விரும்புவதெல்லாம் பெரும்பாலும் இதுதான். மற்றவை இதைச் செய்யும் வழிகள்.

ஏழாம் வகுப்புப் பாடநூலின் வரலாற்றுப் பகுதி, இடைக்கால இந்திய வரலாற்று ஆதாரங்களைப் பற்றிய பாடத்தோடுதான் தொடங்குகிறது. கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பயணியர் குறிப்பு என்று வகைப்படுத்தி, பருவத் தொடக்கத்தில் அதை முடித்துவிட்டு, அதன்பின் அந்தப் பக்கமே திரும்பாமல் சோழர், பாண்டியர், சுல்தான்கள் என்று அரசர் வரிசையில் போய்விடுவதுதான் பொதுவாக நடக்கிறது. என் கருத்தில், அந்தப் பாடத்தை முடிக்க வேண்டிய பாடமாக வைத்துக்கொள்ளவே கூடாது. ஆண்டு முழுவதும், ஒவ்வோர் அரசரைப் பற்றிப் பேசும்போதும், அதை மீண்டும் எடுத்துப் பயன்படுத்த வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில் 949ஆம் ஆண்டில் சோழர் படைக்கும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படைக்கும் போர் நடந்தது. முதலாம் பராந்தகனின் மகன் இராசாதித்தன் அதில் இறந்தான். இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் அந்தப் போரைப் பற்றி நம்மிடம் இரு தரப்புச் சான்றுகளும் உள்ளன. ஒன்று, கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த ஆதகூரில் கிடைத்த கல். காட்டுப்பன்றியோடு மோதி உயிர்விட்ட காளி என்ற வேட்டை நாய்க்காக அது எடுக்கப்பட்டது என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பு நிமிர்ந்து உட்காரும். அதே கல்லில்தான், கிருஷ்ணனின் துணைவனாகிய கங்க மன்னன் பூதுகன் இராசாதித்தனைக் கொன்றான் என்றும், அதற்காகக் கிருஷ்ணன் அவனுக்கு நாடுகளைப் பரிசாக அளித்தான் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. இன்னொன்று, சோழர் தரப்பின் ஆனைமங்கலச் செப்பேடு. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு இராசராசன் ஓர் ஊரையே கொடுத்ததைப் பதிவுசெய்யும் அந்தச் செப்பேட்டின் முற்பகுதியில் சோழர் குலப் பெருமை கூறப்படுகிறது. அங்கே இராசாதித்தன், அசைக்க முடியாத கிருஷ்ணனையே போரில் கலங்கடித்து, யானைமேல் இருந்தபடி மார்பில் அம்பு தைக்க வீரசுவர்க்கம் புகுந்தவன்.

இரண்டு செய்திகளையும் எளிய தமிழில் மூன்று மூன்று வரிகளாகக் கரும்பலகையில் எழுதி, இவை எதில் ஒத்துப்போகின்றன, எது ஒன்றில் மட்டும் இருக்கிறது, போர் நடந்த காலத்துக்கு அருகில் எழுதப்பட்டது எது, யார் மகிழும்படி எழுதப்பட்டது என்று வரிசையாகக் கேளுங்கள். ஆதகூர்க் கல் போர் நடந்த உடனே எழுந்தது. செப்பேடு அரை நூற்றாண்டுக்கும் பிற்பட்டது. “அப்படியென்றால் கல் சொல்வதுதான் உண்மையா, ஐயா?” என்று எவரேனும் கேட்பார்கள். பரிசு வாங்கிக் கொடுத்த வெற்றியை அதைப் பெற்றவர் தரப்பு எப்படி எழுதும் என்று திருப்பிக் கேளுங்கள். இரு பகைவரும் ஒரே மாதிரி சொல்லும் செய்தி, அதாவது இராசாதித்தன் அந்தப் போர்க்களத்தில் மாண்டான் என்பது, உறுதியானது என்பதையும், மற்றவற்றை அவரவர் தரப்போடு சேர்த்தே படிக்க வேண்டும் என்பதையும் பிள்ளைகள் தாங்களாகவே சொல்லிவிடுவார்கள். இதற்கு ஒரு பாடவேளையும் மறுநாள் பத்து நிமிடமும் போதும். இந்த ஒரு பயிற்சிக்குப் பின், எந்த மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசர் புகழைப் பாடும் பகுதியை, படித்தாலும் “இது அரசர் தரப்பு” என்ற எச்சரிக்கை பிள்ளைகளிடம் இருக்கும்.

ஆண்டுகளைப் பற்றி ஒரு சொல். “ஆண்டுகளை மனப்பாடம் செய்யவே கூடாது” என்று இப்போது பயிற்சிக் கூட்டங்களில் சிலர் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏழெட்டு ஆண்டுகளாவது மனத்தில் நிற்காத பிள்ளைக்கு முன்பின் தெரியாது, முன்பின் தெரியாத இடத்தில் காரணத்தைப் பற்றிப் பேசவும் முடியாது. 850 வாக்கில் பிற்காலச் சோழர் ஆட்சியைத் தொடங்கிய விசயாலயன், 1010இல் தஞ்சைப் பெரிய கோயில், 1206இல் தில்லி சுல்தானியம், 1279இல் சோழர் ஆட்சியின் முடிவு, 1336இல் விசயநகரம், 1526இல் பானிப்பட்டுப் போர், 1565இல் தலைக்கோட்டைப் போர். இவை போதும், மற்றவற்றை வினாத்தாளிலேயே கொடுத்துவிடலாம்.

இந்த ஆண்டுகளை ஒப்பிக்கச் சொல்வதைவிட, சுவரில் ஒரு கயிற்றைக் கட்டி நூறு ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று அளந்து குறிக்கச் சொல்லுங்கள். 800ஆம் ஆண்டில் தொடங்கினால் இன்றைய நாளுக்கு வர 12 மீட்டருக்குச் சற்று மேல் ஆகும். பெரும்பாலான வகுப்பறைகளில் இரண்டு சுவர்கள். பிற்காலச் சோழர் ஆட்சி மட்டுமே நான்கு மீட்டருக்கும் மேல் நீளும். நாடு விடுதலை பெற்ற பின் கழிந்த காலம் முழுவதும் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். சோழர் காலம் என்பது ஒரே நாளில் நடந்த கதை போலப் பிள்ளைகள் மனத்தில் பதிந்திருப்பதை மாற்ற, எந்த விளக்கத்தையும்விட இந்தக் கயிறு உதவும்.

தனித்தனிப் பாடங்களாகப் படிப்பதால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும் ஒன்றையும் கயிறு காட்டிவிடும். கஜினி மாமூதும் இராசேந்திர சோழனும் சமகாலத்தவர்கள். சோமநாதபுரத்தின்மீது மாமூது படையெடுத்தது 1025-26இல். இராசேந்திரனின் கடற்படை கடாரத்தை (இன்றைய மலேசியாவின் கெடா) தாக்கியது 1025 வாக்கில். இந்த இரண்டு சீட்டுகளும் கயிற்றில் ஒரே இடத்தில் தொங்குவதைப் பார்த்தவுடன், நீங்கள் கேட்காமலேயே வினாக்கள் எழும். அவற்றை உடனே முடித்துவிடாமல் குறித்து வையுங்கள். உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு அவை பயன்படும்.

இனி உத்திரமேரூருக்கு வருவோம். நீங்கள் குறிப்பிடும் ‘வகுப்பே அமைதியாகிவிடும்’ நிலையை உடைக்க இதைவிட நல்ல சான்று தமிழகத்தில் இல்லை. நாம் மிகவும் வீணாக்கும் சான்றும் இதுதான். “குடவோலை முறை பற்றிக் குறிப்பு வரைக” என்று கேட்கிறோம், “மக்களாட்சிக்கு முன்னோடி” என்று எழுதியவுடன் முழு மதிப்பெண் போட்டுவிடுகிறோம். காஞ்சிபுரம் மாவட்டத்து அந்த ஊரின் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்லும் முதலாம் பராந்தகன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டுக்கும் மற்றது 921ஆம் ஆண்டுக்கும் உரியவை. இரண்டாண்டு இடைவெளியில் விதிகளை ஏன் திருத்தினார்கள் என்பதே நல்ல முதல் வினா. முதல் கல்வெட்டில் 30 வயது முதல் 60 வரை இருந்த வரம்பு, இரண்டாவதில் 35 முதல் 70 வரை என்று மாறுகிறது. கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்களும், அத்தை மக்களும், மாமனும், மருமகனும் வாரியத்துக்கு ஆகார் என்று நீளும் உறவுப் பட்டியலை வாசித்துக் காட்டினால், உங்கள் ஊர்ப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே காரணத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரு விதி எழுதப்படுகிறது என்றால், அது தடுக்க நினைக்கும் செயல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்திருக்க வேண்டும் என்ற அனுமானம் ஏழாம் வகுப்புக்கு எட்டாத ஒன்றல்ல.

ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. தகுதியுடையவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இதை வகுப்பிலேயே ஒரு பானையை வைத்து நடத்திக் காட்டலாம், பலரும் நடத்துகிறோம். ஆனால் நாடகத்தோடு நிறுத்திவிட்டால் பிள்ளைகள் மனத்தில் ‘அந்தக் காலத்து ஓட்டு’ என்ற தவறான எண்ணம்தான் உறுதிப்படும். குடத்தில் கையை விட்டு எடுப்பது குலுக்கல். அங்கே எவரும் எவருக்கும் வாக்களிக்கவில்லை. ஆகவே நாடகத்தைத் தொடங்கும் முன், கல்வெட்டின் தகுதிகளை ஒவ்வொன்றாகப் படித்து, தகுதி இல்லாதவர்களை உட்காரச் சொல்லுங்கள். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் உள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் நிற்கட்டும் என்று உண்மையாகவே கேட்டுவிடாதீர்கள், அது சில பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தும். கற்பனைக் குடிகளின் பெயர்களை அட்டையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நிலமுள்ள அந்தணர், நெசவாளர், கூலிக்கு உழுபவர், வணிகர், கோயிலுக்கு விளக்கு வைத்த பெண் என்று அட்டைகள் இருக்கட்டும். இன்றைய அளவில் கால் வேலி என்பது ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் கூடுதல். நிலம், சொந்த மனையில் வீடு, வயது, வேதக் கல்வி என்று ஒவ்வொரு தகுதியாகப் படிக்கப் படிக்க, நிற்பவர் எண்ணிக்கை குறைந்துகொண்டே வரும். கடைசியில் மிஞ்சுபவர்களின் பெயர்கள் மட்டுமே பானைக்குள் போகும். உத்திரமேரூர் அந்தணர்களுக்கு அளிக்கப்பட்ட பிரமதேயம் என்பதையும், மற்ற ஊர்களில் ‘ஊர்’ என்ற அவையும் வணிகர் வாழும் இடங்களில் ‘நகரம்’ என்ற அவையும் இருந்தன என்பதையும் அப்போது சொன்னால், பிள்ளைகள் அதைப் பட்டியலாகக் கேட்காமல் விளக்கமாகக் கேட்பார்கள்.

இதனால் உத்திரமேரூரின் பெருமை குறைந்துவிடாதா என்று சில ஆசிரியர்கள் என்னிடம் கேட்டதுண்டு. குறையாது என்பதே என் எண்ணம். கணக்குக் காட்டாதவரை விலக்கியதும், மூன்றாண்டுக்குள் ஒருவரே மீண்டும் பதவிக்கு வருவதைத் தடுத்ததும், ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் வைத்ததும் அந்தக் காலத்தில் அரிய ஏற்பாடுகள். அவற்றைப் போற்றுவதற்கு, இல்லாத வாக்குரிமையை அவற்றின்மீது ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

இப்போது வினா. கல்வெட்டின் மூல வரிகளைத் தேர்வில் கொடுக்காதீர்கள். நீங்களே எளிமைப்படுத்தி, ஐந்தாறு வரிக்குள் கொடுங்கள். அதன் கீழ் மூன்று வினாக்கள், மொத்தம் 10 மதிப்பெண். வாரியத்துக்கு ஒருவர் வர வேண்டுமானால் அவரிடம் இருக்க வேண்டியவை எவையேனும் இரண்டு: 2 மதிப்பெண். இது பத்தியைப் படித்தாலே கிடைக்கும் விடை. எல்லாப் பிள்ளைகளும் உள்ளே நுழைவதற்காக வைக்கும் வாசல். கணக்குக் காட்டாதவரின் உறவினரையும் ஏன் விலக்கியிருப்பார்கள்: 3 மதிப்பெண். இதற்குப் பத்தியில் நேரடி விடை இல்லை, சிந்திக்க வேண்டும். “சோழர் காலத்தில் எல்லோருக்கும் வாக்குரிமை இருந்தது என்று உங்கள் நண்பர் சொல்கிறார். இந்தக் கல்வெட்டைக் கொண்டு அவருக்கு என்ன சொல்வீர்கள்?”: 5 மதிப்பெண்.

மூன்றாவது வினாவைத் திருத்துவதில்தான் சிக்கல் வரும் என்பதால், வரக்கூடிய விடைகள் சிலவற்றைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒருவர், “உத்திரமேரூரில் குடவோலை முறை இருந்தது, பராந்தகன் காலம், மக்கள் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர்” என்று அழகான கையெழுத்தில், பிழையின்றி எழுதுகிறார். செய்தி இருக்கிறது, வினாவுக்கு விடை இல்லை. ஒன்று அல்லது இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் கொடுக்காதீர்கள். இன்னொருவர், “எல்லாருக்கும் இல்ல, நெலம் இருக்கனும், வேதம் படிச்சிருக்கனும், கூலி வேல செய்றவங்க வர முடியாது” என்று பேச்சு வழக்கில், எழுத்துப் பிழையோடு எழுதுகிறார். சான்றிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்து அவற்றிலிருந்து ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். நான்கு மதிப்பெண் தயங்காமல் கொடுங்கள். எழுத்துப் பிழைக்குத் தமிழ்த் தேர்வு இருக்கிறது. அதோடு, இது ஓர் ஊரின் கல்வெட்டுதான், மற்ற ஊர்களைப் பற்றி இதை வைத்துச் சொல்ல முடியாது என்றோ, இது குலுக்கல், வாக்கு அல்ல என்றோ எவரேனும் எழுதியிருந்தால் ஐந்து. “அந்தக் காலத்துல ஜனநாயகமே கெடையாது, எல்லாம் பொய்” என்று ஒருவர் எழுதினால், அவர் முடிவு உங்களுக்குப் பிடித்திருந்தாலும் ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் இல்லை, ஏனென்றால் சான்றைத் தொடவே இல்லை. முடிவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதற்கு மதிப்பெண் கிடையாது, அதற்கு என்ன சான்று காட்டினார் என்பதற்குத்தான் என்பதைப் பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இத்தகைய மாதிரி விடைகளைப் பெயரில்லாமல் கரும்பலகையில் எழுதி, அவர்களையே மதிப்பெண் போடச் சொன்னால், அது ஒரு நல்ல பாடவேளையாகவும் அமையும்.

60 மதிப்பெண் தாள் முழுவதையும் இப்படி மாற்ற முயல வேண்டாம். பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் பழகிய சரியான விடையைத் தேர்ந்தெடுத்தல், பொருத்துதல் போன்றவை பாதியளவு இருக்கட்டும். அவையும் ஏதோ ஒன்றை அளக்கத்தான் செய்கின்றன. ஒன்றியம் முழுவதற்கும் பொதுவான வினாத்தாள் வந்தால் அதில் நீங்கள் எதையும் மாற்ற இயலாது. உங்கள் கையில் முழுமையாக இருப்பது வளரறி மதிப்பீட்டின் 40. அதில் சிறு தேர்வுகளுக்கு உரிய 20இல் மேற்சொன்ன சான்று வினாக்களை வையுங்கள். செயல்பாடுகளுக்கு உரிய மற்ற 20இல், கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய தொகுப்பேட்டுக்கு மதிப்பெண் போடும் வழக்கத்தை மட்டும் கைவிட்டுவிடுங்கள். அது எந்த வீட்டில் பணம் இருக்கிறது என்பதைத்தான் காட்டும். மாறாக, ஊர்க் கோயிலிலோ பள்ளிவாசலிலோ தேவாலயத்திலோ சத்திரத்திலோ குளக்கரையிலோ உள்ள பழைய எழுத்து, சிற்பம், நடுகல் ஆகியவற்றில் ஒன்றைப் பார்த்து, பார்த்தது என்ன, ஊரார் அதைப் பற்றிச் சொல்வது என்ன, இன்னும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்று மூன்று பகுதிகளாக ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். மூன்றாம் பகுதிக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

எழுதத் திணறும் பிள்ளைகள் ஆறேழு பேர் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். அவர்களுக்கு இதே வினாக்களை வாய்மொழியாகக் கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம் போதும். மற்றவர்கள் வரைபடம் குறித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே முடித்துவிடலாம். எழுத்தில் ஒன்றுமே எழுதாதவர்கள் பேச்சில் நுட்பமான காரணங்களைச் சொல்வதைக் காண்பீர்கள். முப்பத்தெட்டுத் தாள்களையும் வரி வரியாகத் திருத்தித் தூக்கத்தை இழக்க வேண்டாம். ஒவ்வொரு தேர்விலும் ஒரே ஒரு வினாவுக்கு மட்டும் விரிவான குறிப்பு எழுதினால் போதும்.

கடைசியாக, உங்கள் மிகக் கடினமான வினா. தலை குனிந்திருக்கும் அந்த இரண்டு மாணவிகளைக் காப்பதற்காகத் தில்லி சுல்தான்கள் பாடத்தை விரைவாக முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்தால் கைப்பேசிதான் ஆசிரியராகிவிடும். போர்களையும் கொள்ளையையும் மறைக்கவும் வேண்டாம், அவற்றை இன்றைய பிள்ளைகளின் தோளில் ஏற்றவும் வேண்டாம். இவ்வளவு நாள் பழகிய அதே வினாவை, அதாவது யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்காக எழுதியது என்பதை, இங்கும் கேளுங்கள்; சோழருக்குக் கேட்டதை சுல்தானுக்கும் கேட்கிறோம் என்பது பிள்ளைகளுக்கு விளங்கினாலே வகுப்பின் சூடு பாதி தணிந்துவிடும். சோழர் பாடத்தில் இதைக் கேட்காமல் விட்டுவிட்டு சுல்தான்கள் பாடத்தில் மட்டும் கேட்டால், அது ஒரு தரப்புக்கு வக்காலத்து வாங்குவதாகவே தோன்றும். அதனால்தான் தக்கோலத்திலிருந்தே தொடங்கச் சொன்னேன்.

கயிற்றில் ஒரே இடத்தில் தொங்கிய இரண்டு சீட்டுகளை இப்போது எடுத்துக்கொள்ளுங்கள். மாமூதைப் பற்றிப் பேசும்போதே, தாராசுரத்தில் கிடைத்துத் தஞ்சைக் கலைக்கூடத்தில் இருக்கும் துவாரபாலகர் சிலையைப் பற்றியும் சொல்லுங்கள். இராசேந்திரனின் மகன் முதலாம் இராசாதிராசன், மேலைச் சாளுக்கியரின் தலைநகராகிய கலியாணபுரத்தை அழித்து அங்கிருந்து கொண்டுவந்தது அது. பீடத்தில் அந்தச் செய்தியையே பொறித்து வைத்திருக்கிறார்கள். இரு தரப்பாரும் சிவனை வணங்கியவர்கள். செல்வமும் அரசனின் பெருமையும் கோயிலில் சேர்ந்திருந்த காலத்தில், பகை அரசனை வென்றவர்கள் அங்கே கைவைத்தார்கள் என்பதை இந்தச் சிலை விளக்கும். எல்லாப் படையெடுப்பும் ஒன்றுதான் என்று மழுப்புவதற்காக இதைச் சொல்ல வேண்டாம். அவரவர் நோக்கத்திலும் அளவிலும் வேறுபாடு உண்டு, அதையும் பிள்ளைகள் பேசலாம். ‘அவர்கள் மட்டும்’ என்று தொடங்கும் வாக்கியத்தைச் சான்றில்லாமல் எழுத முடியாது என்பதுதான் அவர்கள் கற்க வேண்டியது.

தமிழ்நாட்டுக்கு அருகிலேயே இன்னொரு நல்ல இணையும் இருக்கிறது. 1335 வாக்கில் தில்லியிலிருந்து பிரிந்து 1378 வரை நீடித்த மதுரை சுல்தானியத்தைப் பற்றி, அதை வென்ற விசயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி கங்காதேவி ‘மதுரா விசயம்’ என்ற வடமொழிக் காவியத்தில் எழுதியிருக்கிறார். தம் கணவரின் வெற்றியைப் பாடுவது அவர் நோக்கம். அதே மதுரைக்கு வந்த மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதாவும் எழுதியிருக்கிறார். அவர் முஸ்லிம், அந்த அரச குடும்பத்தில் பெண் எடுத்தவர். இருந்தும் சுல்தான் கியாசுத்தீனின் கொடுமைகளைக் கடுமையாகக் கண்டிப்பவர் அவர்தான். அந்த சுல்தானை எதிர்த்துப் போரிட்ட போசள மன்னன் வீரவல்லாளனின் படையில் இருபதாயிரம் முஸ்லிம்கள் இருந்தார்கள் என்றும் அவரே குறிப்பிடுகிறார். கொடுமை பற்றிய பகுதிகளை விரிவாக வாசிக்க வேண்டாம், பன்னிரண்டு வயதுக்கு அது மிகுதி. அவர் கண்டித்தார் என்பது போதும். தில்லிப் படை தெற்கே வருவதற்கு முன்பே காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகள் வந்து இறங்கியதை மார்க்கோ போலோ எழுதியதையும் சேர்த்துக்கொண்டால், முஸ்லிம்கள் தமிழ்க் கடற்கரைக்கு வந்த வழி படையெடுப்பு மட்டுமல்ல என்பதும் தெரியவரும்.

ஒரு மாணவர் கைப்பேசியில் பார்த்ததைச் சொல்லும்போது அவரை அதட்டி உட்கார வைக்காதீர்கள்; அந்த இரண்டு மாணவிகளைப் பார்த்து ‘நீங்கள் என்ன சொல்கிறீர்கள்’ என்றும் கேட்காதீர்கள். அவர்கள் சுல்தான்களின் பேராளர்கள் அல்லர். சொன்ன செய்தியைக் கரும்பலகையின் ஓரத்தில் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘யார் சொன்னது, சான்று என்ன’ என்று எழுதி, அந்த வாரத்துக்குள் கண்டுபிடித்து வரும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். வகுப்பில் வேறொரு பிள்ளையை நோக்கி இழிவான சொல் வந்தால் மட்டும் வரலாற்றை அங்கேயே நிறுத்திவிட்டு, அந்தச் சொல் இந்த வகுப்பில் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். அது விவாதத்துக்கு உரியதல்ல.

இந்தப் பாடத்துக்கு நீங்கள் எழுதி வைக்க வேண்டிய கடின வினாவையும் கேட்டால், என் பரிந்துரை இது: மதுரை சுல்தான்களின் ஆட்சியைப் பற்றி கங்காதேவி எழுதியதும் இபின் பதூதா எழுதியதும் கீழே மும்மூன்று வரிகளில் தரப்பட்டுள்ளன, இருவரும் ஒத்துப்போகும் செய்தி எது, அதை நாம் ஏன் கூடுதலாக நம்பலாம்? 5 மதிப்பெண். தக்கோலத்தை ஒழுங்காகச் செய்த வகுப்பு இதற்கு விடை எழுதிவிடும்.